தாங்கிக்குள் இறங்கும் குழாய்: பழைய விமானங்களுக்கான எரிபொருள் அளவுக் குழாய் ஒன்றின் மதிப்பீடு

நான் மதிப்பிட எடுத்துக்கொண்ட பொருள், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளமும் பெருவிரலால் மூடக்கூடிய வாயும் கொண்ட, இரு முனைகளும் திறந்த ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் குழாய் ஆகும். சிறிய விமானங்களின் எரிபொருள் தாங்கியில் எவ்வளவு பெற்றோல் இருக்கிறது என்பதைப் பறப்புக்கு முன் நேரில் பார்த்து அறிவதற்காக இது விற்கப்படுகிறது. உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு இதன் செயற்பாட்டை ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: இது ஒரு குழாயி (pipette). தாங்கியின் மூடியைத் திறந்து, குழாயை நிலைக்குத்தாக அடிவரை இறக்கி, மேல்வாயை விரலால் அடைத்து வெளியே எடுத்தால், தாங்கிக்குள் நின்ற அதே உயரத்துக்கு எரிபொருள் குழாய்க்குள் தங்கியிருக்கும். அந்த உயரத்தைக் குழாயில் உள்ள அளவுக்கோடுகளில் வாசித்துக்கொண்டு, விரலை எடுத்து எரிபொருளைத் தாங்கிக்கே திருப்பி விட்டுவிடலாம்.

கொழும்பில் இதை விற்கும் கடை எதையும் நான் காணவில்லை. அவுஸ்திரேலியாவில் இருக்கும் என் அக்காவின் மகன் இரண்டு வாங்கி, ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மற்றதை வெள்ளவத்தையில் உள்ள என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவரும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து, பல ஆண்டுகளாகக் கொட்டகை ஒன்றில் கிடந்த டைகர் மொத் விமானம் ஒன்றை வாங்கிப் புதுப்பித்துப் பறக்க வைத்திருக்கிறார்கள். விமானப் பராமரிப்புப் பொறியியலாளனாக இருந்து ஓய்வுபெற்ற என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "மாமா, இந்தக் குழாயை நம்பிப் பறக்கலாமோ?" அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடையே இந்த மதிப்பீடு.

முதலில் டைகர் மொத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் குழாயின் தேவை அந்த விமானத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 1931இல் முதன்முதலாகப் பறந்த இந்த இருசிறகு விமானத்தின் தாங்கி, மேற்சிறகின் நடுப்பகுதியில், விமானியின் தலைக்கு முன்னால் உயரத்தில் அமைந்திருக்கிறது. அங்கிருந்து எரிபொருள் புவியீர்ப்பினாலேயே இயந்திரத்துக்கு இறங்குகிறது; பம்பியும் இல்லை, மின்சாரமும் இல்லை. அளவுமானி என்பது தாங்கியின் மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறிய கண்ணாடிக் குழல்; அதற்குள் ஒரு மிதவையின் முனை ஏறி இறங்கும். இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் சிப்மங்க் விமானத்திலும் மானி சிறகின் மேற்பரப்பில்தான் பதிக்கப்பட்டிருக்கிறது. விமானி தலையைத் திருப்பிச் சிறகைப் பார்த்தே எரிபொருளை அறிய வேண்டும். இந்த மானிகள் அவற்றின் காலத்துக்குப் போதுமானவையாக இருந்தன. ஆனால் எழுபது, எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு மிதவையின் தண்டு வளைந்திருக்கலாம், மிதவை எரிபொருளை உறிஞ்சிக் கனத்திருக்கலாம், புதுப்பித்தவர் வேறொரு விமானத்தின் மிதவையைப் பொருத்தியிருக்கலாம். நேராகப் பறக்கும்போது ஓரளவு உண்மை சொல்லும் மிதவை, திரும்பும்போதும் குலுங்கும்போதும் தன் விருப்பத்துக்கு ஆடும். மானி காட்டுவதை உறுதிப்படுத்த இரண்டாவது சாட்சி வேண்டும் என்பதே இந்தக் குழாயை வாங்குவதற்கான காரணம்.

குழாயில் லீற்றரோ கலனோ எதுவும் குறிக்கப்படவில்லை என்பதை வாங்க நினைப்பவர்கள் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட சில புதிய விமான வகைகளுக்கென்று அளவிடப்பட்ட குழாய்களும் விற்பனைக்கு உண்டு. நாங்கள் வாங்கியது எல்லா விமானங்களுக்கும் பொதுவானது. அதில் சமதூரக் கோடுகளும் எண்களும் மட்டுமே இருக்கின்றன. கூடவே ஒரு வெற்று அட்டை தருகிறார்கள். எந்தக் கோட்டுக்கு எத்தனை லீற்றர் என்பதை விமானத்தின் உரிமையாளரே அளந்து அந்த அட்டையில் எழுதிக்கொள்ள வேண்டும். இதை ஒரு குறையாகச் சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். என் எண்ணத்தில் இதுவே இந்தப் பொருளின் மிகச் சிறந்த அம்சம். புதுப்பிக்கப்பட்ட பழைய விமானம் எதுவும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருப்பதில்லை. தாங்கி ஒட்டுப்போடப்பட்டிருக்கும், உட்புறம் கசிவுத்தடுப்புப் பூச்சு பூசப்பட்டிருக்கும், ஓர் இடத்தில் ஒடுங்கியிருக்கும், சில வேளைகளில் முற்றிலும் புதிதாகச் செய்யப்பட்டிருக்கும். அப்படியிருக்க, கைந்நூலில் உள்ள கொள்ளளவை எடுத்து அட்டையில் எழுதுவது அடுத்த வீட்டுக்காரரின் மருந்துச்சீட்டுக்கு நாம் மருந்து வாங்குவதைப் போன்றது.

இரத்மலானையில் பயிற்சி விமானம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் அனுமதியோடு, ஒரு செஸ்னா 152இன் இடது தாங்கியில் இந்த அளவீட்டைச் செய்து பார்த்தேன். அது பழைய விமானம் அல்ல எனினும் முறை ஒன்றுதான். விமானத்தைச் சமதளத்தில் நிறுத்தி, தாங்கியை முழுமையாக வடித்து, புவித்தொடுப்புக் கம்பியை இணைத்து, உலோக அளவுப் பாத்திரத்தால் ஐந்து ஐந்து லீற்றராக ஊற்றினோம். ஒவ்வொரு முறையும் எரிபொருள் அடங்கும்வரை பொறுத்திருந்து, குழாயை இறக்கி, கோட்டை வாசித்து எழுதினோம். மறுநாள் காலையில் அதே வேலையை முதலிலிருந்து திரும்பச் செய்தோம். இரண்டு நாள் வாசிப்புகளும் ஓர் இடத்தில்கூட அரைக் கோட்டுக்கு மேல் வேறுபடவில்லை. வாசிப்பவர் மாறியபோதும் அப்படியே இருந்தது. குழாயின் துல்லியத்தில் எனக்கு இருந்த ஐயம் அத்தோடு நீங்கியது.

ஆனால் அன்று நான் கற்றுக்கொண்ட முக்கியமான விடயம் தாங்கியின் அடியில் இருந்தது. முதல் சில லீற்றர்களை ஊற்றியபோது குழாயின் நுனி நனையவே இல்லை. செஸ்னாவின் சிறகு நுனியை நோக்கிச் சற்று மேலெழுந்திருப்பதால், குறைந்த அளவு எரிபொருள் முழுவதும் உடலோடு ஒட்டிய பக்கத்தில் தேங்கிவிடுகிறது; மூடியின் கீழே எதுவும் இல்லை. குழாய் சுழியம் காட்டும் இடத்தில் உண்மையில் சில லீற்றர் இருக்கிறது. அந்தப் பிழை விமானிக்குச் சாதகமான பக்கம் இருப்பதால் ஆபத்தில்லை. வாலை நிலத்தில் ஊன்றி மூக்கைத் தூக்கி நிற்கும் டைகர் மொத்தைப் போன்ற விமானங்களில் இதே காரணம் எந்தப் பக்கம் வேலை செய்யும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிலத்தில் சாய்ந்து நிற்கும்போது மூடியின் கீழ் கூடுதலாகத் தேங்கி நிற்கும் எரிபொருள், வாலைத் தூக்கி நேராகப் பறக்கும்போது வேறு மூலைக்குப் போய்விடலாம். ஆகவே அட்டையை விமானம் வழக்கமாக எரிபொருள் நிரப்பப்படும் நிலையில் வைத்துத் தயாரிக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு முறையும் அதே நிலையில் வைத்துத்தான் அளக்க வேண்டும். சரிவான புற்றரையில் நிறுத்திவிட்டு அளந்தால் அந்த வாசிப்புக்குப் பெறுமதி இல்லை. இதைக் குழாயோடு வரும் தாளில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போகிறார்கள். தடித்த எழுத்தில் அரைப்பக்கம் எழுத வேண்டிய விடயம் இது.

அடுத்தது அலகு. மருமகன் தன் அட்டையின் முதற்படியை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியபோது, அதன் தலைப்பில் "கலன்" என்று மட்டுமே எழுதியிருந்தார். எந்தக் கலன் என்று கேட்டேன். டைகர் மொத்தின் தாங்கி 19 இம்பீரியல் கலன் கொள்ளும். ஓர் இம்பீரியல் கலன் 4.546 லீற்றர், எனவே அது ஏறக்குறைய 86 லீற்றர். அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர்தான், அதில் 19 என்றால் 72 லீற்றருக்கும் சற்றுக் குறைவு. இடைவெளி 14 லீற்றருக்கு மேல். மணிக்கு ஏறத்தாழ 30 லீற்றர் எரிக்கும் அந்த இயந்திரத்துக்கு இது அரை மணி நேரப் பறப்பு. பகலில் கண்பார்வை விதிகளின்படி, அதாவது வெளியே கண்ணால் பார்த்துப் பறக்கும் சிறிய விமானம் இறங்கும்போது தாங்கியில் மிஞ்சியிருக்க வேண்டிய இறுதிக் கையிருப்பும் அதே 30 நிமிடம்தான். ஒரு சொல்லின் முன்னொட்டை எழுத மறந்தால் சட்டம் கேட்கும் கையிருப்பு முழுவதும் காணாமற் போய்விடுகிறது. மருமகன் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு லீற்றரில் புதிதாக எழுதினார்.

அளவுக் குச்சி சரியாக இருந்தும் அலகு தவறியதால் என்ன நடந்தது என்பதற்கு 1983 யூலை 23 அன்று கனடாவில் நடந்ததை விடப் பெரிய சாட்சி தேவையில்லை. எயார் கனடாவின் போயிங் 767 விமானத்தில் மின்னணு எரிபொருள் மானி வேலை செய்யாத காரணத்தால் தாங்கிகள் குச்சியால் அளக்கப்பட்டன. குச்சி சொன்னது உண்மை. தாங்கியில் 7,682 லீற்றர் இருந்தது. அதைக் கிலோகிராமுக்கு மாற்ற வேண்டிய இடத்தில், லீற்றருக்கு 0.8 என்று பெருக்காமல், இறாத்தலுக்கு உரிய 1.77 என்ற எண்ணால் பெருக்கிவிட்டார்கள். தேவைப்பட்ட எரிபொருளில் பாதிக்கும் குறைவாகவே ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அந்த விமானத்தின் இரண்டு இயந்திரங்களும் நடுவானில் நின்றன. 69 பேரும் உயிர் பிழைத்ததற்குக் காரணம், கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் அதை மிதக்கவிட்டு இறக்கிய விமானிகளின் திறமை. அதே விமானிகள்தான் அந்தக் கணக்கையும் ஏற்றுக்கொண்டு புறப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்தே நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பழைய விமானங்களைப் பொறுத்தவரை, என்னை இன்னும் நெருக்கமாகத் தொடும் நிகழ்வு போயிங் 307 ஸ்ராற்றோலைனர் என்ற பழைய பயணிகள் விமானத்தினுடையது. உலகில் முழுமையாக எஞ்சியிருந்த ஒரே ஸ்ராற்றோலைனர் அது. ஓய்வுபெற்றவர்களும் பணியில் உள்ளவர்களுமாகப் பல தொண்டர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து அதைப் புதுப்பித்து 2001இல் மீண்டும் பறக்கவிட்டார்கள். 2002 மார்ச் 28 அன்று, சியாற்றில் நகரை அடுத்த எலியட் குடாவில் அது நீரில் இறங்கியது. விமானத்தில் இருந்த நால்வரும் தப்பினார்கள். எரிபொருள் தீர்ந்துபோனதே காரணம் என்றும், பறப்புக்கு முந்திய பரிசோதனையில் விமானத்தில் இருந்த எரிபொருளின் அளவைப் பணிக்குழு சரியாக நிர்ணயிக்கத் தவறியதே அதற்கு அடிப்படை என்றும், எரிபொருள் நிலை பற்றி அவர்களுக்குள் போதிய தொடர்பாடல் இருக்கவில்லை என்றும் அமெரிக்க விசாரணையாளர்கள் முடிவு செய்தார்கள். மறுபடியும் புதுப்பிக்கப்பட்ட அந்த விமானம் 2003இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது என்பது ஆறுதல். ஆயினும், ஒவ்வொரு தறையாணியையும் தேடித்தேடிச் சீர்செய்த மனிதர்களின் உழைப்பு, தாங்கிக்குள் எவ்வளவு இருக்கிறது என்ற மிக எளிய கேள்வியில் மூழ்கியதை நினைக்கும்போது இன்றும் மனம் வலிக்கிறது.

புதுப்பிக்கப்பட்ட விமானங்களுக்கே உரிய ஆபத்து இதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பயிற்சி நிலையத்துச் செஸ்னாவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. யார் நிரப்புவது, யார் எழுதுவது, யார் கையொப்பமிடுவது என்பது தெரியும். நான்கு நண்பர்கள் சேர்ந்து வைத்திருக்கும் டைகர் மொத்துக்கு அப்படி இல்லை. ஒருவர் காலையில் பறந்துவிட்டுப் போவார், இன்னொருவர் நிரப்பியதாகச் சொல்வார், மூன்றாமவர் மானியைப் பார்த்ததாகச் சொல்வார். எல்லோரும் அன்போடும் அக்கறையோடும் வேலை செய்வதால், ஒருவரை ஒருவர் சந்தேகிப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து விதிகள் இந்த மரியாதைக்கு இடம் தருவதில்லை. கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தன் கையில் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் விமானத்தின் பாதுகாப்பான இயக்கத்துக்குப் பொறுப்பானவர் தலைமை விமானி ஒருவரே. உரிமையாளர் சொன்னார், பொறியியலாளர் சொன்னார், பௌசர்க்காரர் சிட்டை தந்தார் என்பவை எல்லாம் அவருக்குத் தகவல்களே தவிர விடுதலைப் பத்திரங்கள் அல்ல.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எழுபதுகளில் வேலை பழகுபவனாக இருந்தபோது, டக்கோட்டா விமானம் ஒன்றின் தாங்கிகளை அளந்து வரும்படி என்னை அனுப்பினார்கள். முதன்மைத் தாங்கிக்கும் துணைத் தாங்கிக்கும் வெவ்வேறு அளவுக் குச்சிகள் இருந்தன. யாரோ இடம் மாற்றி வைத்திருந்தார்கள், நானும் கவனிக்காமல் அளந்து எண்களை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தமிழரான கப்டன் அந்தத் தாளை ஒரு நிமிடம் பார்த்தார். முந்திய பறப்பில் எரிந்த அளவோடு அது பொருந்தவில்லை. "தம்பி, தாங்கிக்குள்ள நீர் பார்த்தீரா, குச்சி பார்த்ததா?" என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். அவர் தன் தொப்பியை மேசையில் வைத்துவிட்டு, அந்த வெயிலில் என்னோடு சிறகின் மேல் ஏறி, தானே மூடியைத் திறந்து பார்த்தார். என்னைத் திட்டவில்லை. புறப்பாடு தாமதமானதற்கான காரணத்தைத் தன் பெயரிலேயே எழுதினார். அவருடைய அந்தக் கையெழுத்தை நான் மறக்கவில்லை.

குழாய்க்குத் திரும்புகிறேன். இதன் குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது மதிப்பீடு ஆகாது. அளவுக்கோடுகளும் எண்களும் மேற்பரப்பில் அச்சிடப்பட்டவை. மூன்று மாதப் பாவனையில் எங்கள் விரல் படும் இடத்தில் இரண்டு எண்கள் மங்கிவிட்டன. செதுக்கப்பட்டிருந்தால் இந்தக் கவலை இருக்காது. வெயிலில் விட்ட குழாய் சற்று மஞ்சளிக்கிறது. விமானத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் மதிய வெயிலில் விட்டால் வளையவும் கூடும் என்பதால், நான் அதைத் துணிப்பையில் சுற்றி நிழலில் வைக்கிறேன். டைகர் மொத்தின் தாங்கி அகலமும் ஆழக்குறைவும் உள்ளது. எனவே சிறிய உயர வேறுபாடு பல லீற்றரைக் குறிக்கும், ஒரு கோடு தவறி வாசித்தால் அது சிறிய தவறு அல்ல. குழாயைச் சற்றுச் சாய்த்து இறக்கினாலும் வாசிப்பு கூடிவிடும். விமானப் பெற்றோல் நீலச் சாயம் இடப்பட்டது என்றாலும் ஒடுங்கிய குழாய்க்குள் அந்த நீலம் மிக மெல்லியதாகவே தெரியும். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து வாசிப்பது நல்லது.

இந்தக் குழாய் எரிபொருளின் அளவை மட்டுமே சொல்லும், அதன் தரத்தைச் சொல்லாது. இரத்மலானையைப் போலக் கடலோடு ஒட்டிய ஈரமான இடத்தில், பாதி நிரம்பிய தாங்கியின் வெற்றிடத்தில் இரவில் நீராவி ஒடுங்கி நீராகும். நீர் பெற்றோலை விடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். வடிகால் வாயிலில் மாதிரி எடுத்துப் பார்க்கும் வேலை தனியானது. குழாய் வாங்கிவிட்டோம் என்று அதைக் கைவிடக் கூடாது. அதேபோல, தாங்கியில் இருப்பதை அறிவது பாதி வேலை. மணிக்கு எவ்வளவு எரிகிறது என்பதை அறிவதே மறுபாதி. மருமகனிடம் ஒரு கொப்பி வாங்கி, ஒவ்வொரு பறப்பிலும் புறப்படும்போது குழாய் காட்டிய அளவு, இறங்கிய பின் காட்டிய அளவு, பறந்த நிமிடங்கள் ஆகிய மூன்றையும் எழுதச் சொன்னேன். பன்னிரண்டு பறப்புகளின் பின், அவர்களுடைய புதுப்பித்த இயந்திரம் கைந்நூல் சொல்வதை விடச் சற்றுக் கூடுதலாகவே எரிக்கிறது என்பது தெரியவந்தது. இந்த உண்மையை எந்த மானியும் அவர்களுக்குச் சொல்லியிருக்காது.

2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற கொழும்புக்காரர் ஒவ்வொருவரும் ஒரு லீற்றரில் தன் வாகனம் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதை விரல்நுனியில் வைத்திருந்தோம். வாராந்த ஒதுக்கீட்டுக்குள் வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கணக்குப் பார்த்தோம். வீதியில் பெற்றோல் தீர்ந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்ற நிலையிலேயே அவ்வளவு கவனமாக இருந்த நாம், ஓரமாக நிறுத்த இடமில்லாத வானத்துக்கு அதைவிடக் குறைந்த கவனத்தோடு போகலாகாது.

வாங்க விரும்புவோர் முதலில் தங்கள் தாங்கியின் ஆழத்தை ஒரு சுத்தமான மரக்குச்சியால் அளந்து, அதைவிட நீளமான குழாயைத் தெரிவு செய்யுங்கள். குட்டையான குழாயை எரிபொருளுக்குள் கையை விட்டு எடுக்க வேண்டி வரும். அட்டையை ஒரே விமானத்துக்கு மட்டும் எழுதி, அந்த விமானத்தின் பதிவெழுத்துக்களையும் அலகையும் தலைப்பில் முழுமையாகப் பொறித்து, குழாயோடு கட்டி வையுங்கள். இரண்டு விமானங்கள் இருந்தால் இரண்டு குழாய்கள் வாங்குங்கள். மருமகனின் கேள்விக்கு நான் அனுப்பிய பதில் இது: "குழாய் நல்லது, வைச்சிரும். ஆனா மூடியைத் திறந்து பார்க்கிறது, அண்டைக்குப் பறக்கிற ஆளாத்தான் இருக்கோணும்." அதன் பின் அவர் அனுப்பிய படத்தில், அட்டையின் அடியில் புதிதாக ஒரு நிரல் கீறப்பட்டிருந்தது: அளந்தவர் பெயர், பறப்பவர் பெயர். முதல் வரியில் இரண்டு இடத்திலும் ஒரே பெயர் இருந்தது.